எடைக்காரி ஆவுடைத்தங்கமும் அவள் பின்னால் வந்த காய்களும்

மூன்றாவது டாக்டர் கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆவுடைத்தங்கம் ஊர் திரும்பிய மறுநாள் காலை, சாலைச்சத்திரம் காய்கறிச் சந்தையில் கூறு கட்டி வைத்திருந்த தக்காளிகளில் ஒன்று சாக்கிலிருந்து இறங்கி, அவள் நடந்த வழியே உருண்டு, வெற்றிலைக்காரர்களைத் தாண்டி, வாழைக்காய் ஏலத்தைத் தாண்டி, எடைமேடை வரைக்கும் போய் அவளுடைய கால் பெருவிரலில் முட்டி நின்றது. அவள் அதை எடுத்துக் கொண்டுபோய்க் கூறில் வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் எடைமேடையின் கீழே இரண்டு தக்காளிகள் நின்றன.

ஆவுடைத்தங்கம் இருபத்தாறு வருஷமாக அந்தச் சந்தையில் எடைக்காரி. மலையோரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற அத்தனை மூட்டையும் அவள் மேடையில் ஏறி இறங்கித்தான் கேரளத்து லாரிக்குப் போகும். தராசு என்று ஒன்று இருந்ததே தவிர அவள் அதைப் பார்ப்பதில்லை. உள்ளங்கையை விரித்துக் காயை வாங்கி, ஒரு தரம் மேலே கீழே அசைத்து, "முந்நூத்தி நாப்பது" என்றால் முந்நூற்று நாற்பது கிராம்தான், தராசு வேறு மாதிரி சொன்னால் தராசைக் கழற்றித் துடைப்பார்கள். லாரிக்காரர்கள் சத்தியம் செய்யும்போது தங்கத்தின் கைமேல் ஆணையாக என்பார்கள். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை, அதை அவள் ஒளித்ததும் இல்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து பதினாலு வருஷம். அதற்கு ஊசி போட்டுக்கொண்டே மூட்டை எடை போட்டாள். பிறகு மேடைப் படி ஏறும்போது மூச்சு இளைத்தது, இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். அதற்கும் மாத்திரை போட்டுக்கொண்டு எடை போட்டாள். பிறகு முகமும் காலும் வீங்கின, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். அப்படியாக மூன்று ஊர்களில் மூன்று டாக்டர்கள், மூன்று டாக்டர்களுக்கும் மூன்று தாள்கள். வெள்ளைச் சோறு வேண்டாம், கேழ்வரகு சாப்பிடு, பயறும் கீரையும் நிறையச் சாப்பிடு என்றது சர்க்கரைத் தாள். கேழ்வரகா, கூடவே கூடாது, கீரையைத் தொடாதே, பயறைக் குறை, சாப்பிட்டால் வெள்ளைச் சோறு சாப்பிடு என்றது சிறுநீரகத் தாள். உப்பைக் கையால் தொடாதே, ஊறுகாய், அப்பளம், கருவாட்டை மறந்துவிடு, பழமாகச் சாப்பிடு, தண்ணீரை மட்டும் ஒரு லிட்டருக்குள் நிறுத்திக்கொள் என்றது இதயத் தாள். வாழைப்பழத்தை ஒரு தாள் இனிப்பென்று விலக்கியது, ஒரு தாள் பொட்டாசியம் என்று விலக்கியது, ஒரு தாள் மட்டும் தினம் ஒன்று என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவள் மூன்று தாளையும் வீட்டுத் தரையில் விரித்து, அடுப்புக் கரித்துண்டால் ஒவ்வொன்றிலும் கூடாது என்று இருந்ததையெல்லாம் மற்ற இரண்டிலும் அடித்துக்கொண்டே வந்தாள். அடித்து முடித்தபோது மிஞ்சியது வெந்நீர், அதுவும் அளவோடு.

"இதுல எதைத்தான் திங்கிறது தங்கம்?" என்று கேட்டார் அவள் புருஷன் சிவனணைஞ்சான். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர், அதிகம் பேசாதவர்.

"உசுர் நிக்க ஒரு கை அரிசிக் கஞ்சி. அதுலயும் உப்பு கிடையாது. மூணு பேரு சொன்னதையும் நான் கேட்டேன், ஒருத்தரும் என்னைக் குத்தம் சொல்லிர முடியாது" என்றாள் அவள். அதைச் சொன்னபோதும் அவள் குரலில் கர்வம் இருந்தது. அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் விட்டாள். அவள் முன்னால் உட்கார்ந்து குழம்பு ஊற்றித் தின்ன மனசு வராமல் சிவனணைஞ்சான் வீட்டில் சாப்பிடுவதை விட்டார். தார்ப்பாய்க் கொட்டகையில் நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டு, பசியில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவள் விட்டாளே தவிர, அவை அவளை விடவில்லை.

தக்காளிக்கு அடுத்த நாள் உருளைக்கிழங்கு வந்தது. அதற்கடுத்த நாள் சேனையும் முருங்கைக்கீரைக் கட்டும் வந்தன. கிழங்கு உருண்டு வந்தது, சேனை குப்புறப் புரண்டு புரண்டு வந்தது, கீரைக்கட்டு காம்புகளை ஊன்றிக்கொண்டு நடந்தது. முதல் நாள் சந்தைக்காரர்கள் தரை சரிவாக இருக்கிறது என்றார்கள். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை எதிர்ப்பக்கம்தான் சரிந்திருக்கிறது என்று சொன்ன பிறகு, பாவம், பாசம் விட்டுப் போகுமா, இத்தனை வருஷம் சேர்ந்து கிடந்ததில்லையா என்றார்கள். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. வியாபாரிகள் கூடைக்கு மீன்வலை கட்டினார்கள். மினிபஸ் கண்டக்டர் அவளோடு ஏறின பரங்கிக்காய்க்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் அவளுக்குப் பத்திரிகை வைக்கும்போதே, "மதினி, நீங்க வந்தா எங்களுக்குப் பெருமைதான், ஆனா சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்க, சாம்பார்ல கிடக்கது எந்திரிச்சு வந்துரும்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு தாளில் சரி என்றும் இன்னொரு தாளில் தவறு என்றும் எழுதப்பட்டவைதான் ரொம்பத் திண்டாடின. கேழ்வரகும் பாசிப்பயறும் மளிகைக் கடையிலிருந்து ஒழுகி வந்து, பாதித் தூரம் வந்ததும் போவதா திரும்புவதா என்று தெரியாமல் நடுச்சாலையில் குவியலாக நின்றுவிட்டன. மழையிலும் நின்றன, வெயிலிலும் நின்றன. லாரிகள் ஒதுங்கிப் போயின. பஞ்சாயத்திலிருந்து வந்து சுற்றிலும் செங்கல் அடுக்கி, 'இங்கே நிற்கும் பயறை மிதிக்காதீர்' என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால், பயறு நிற்கிற இடத்தில் இடது பக்கம் திரும்புங்கள் என்று சொல்கிற அளவுக்கு அது ஊருக்குப் பழகிப்போயிற்று.

பழகாதது எடைமேடை மட்டும்தான். மூட்டையை ஏற்றினால் உள்ளே இருந்த காய்களெல்லாம் அவள் நிற்கிற பக்கமாகச் சாய்ந்தன. தராசின் முள் நிற்காமல் ஆடியது. லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சந்தைச் சங்கத் தலைவர் தவசிக்கனி அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார்.

"தங்கம், உன்னை யாரும் போகச் சொல்லல. கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரேன்."

"தராசு ஆடுனா எனக்கென்ன அண்ணாச்சி? என் கை ஆடுச்சா? என் கை எடை தப்பிச்சுன்னா சொல்லுங்க, நானே இறங்கிப் போறேன்."

தவசிக்கனி ஒரு பூசணிக்காயை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். சந்தையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அவள் கை லேசாக நடுங்கியது. மூன்று வாரக் கஞ்சியில் அவளுடைய முழங்கையெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அவள் கண்ணை மூடி அசைத்துப் பார்த்து, "ரெண்டே கால்" என்றாள்.

சந்தையின் அந்தக் கோடியில், பூசணிக்காயின் ஆசை எட்டாத தூரத்தில் இருந்த வேறொரு தராசில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒன்றே முக்கால் காட்டியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவள் திட்டியிருப்பாள். அவள் தலைத்துணியை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். அவள் பின்னால் தக்காளியும் கிழங்கும் சேனையும் கீரையும் சத்தமில்லாமல், சாவு வீட்டுக்குப் போகிறவர்களைப் போல வரிசையாகப் போயின.

அசன் பாய் டீக்கடை முன்னால் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. கண் இருட்டியது. கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் விழுந்தாள். சாப்பாட்டைக் குறைத்தவள் ஊசியைக் குறைக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டிருந்தது, அது அங்கே யாருக்கும் தெரியாது.

கூட்டம் கூடியது. "இளநியை வெட்டுங்கப்பா" என்றார் ஒருவர். "கிட்னிக்கு இளநி விஷம்லா" என்றார் இன்னொருவர். "ஒரு வாய் சீனித் தண்ணி குடுங்க." "சுகர்க்காரிக்குச் சீனியா? கொல்லப் பாக்கியளா?" "சோடாவுல உப்புப் போட்டு..." "உப்பா! நெஞ்சு நின்னு போவும்." மூன்று டாக்டர்களும் மூன்று தாள்களில் போட்ட சண்டையை அங்கே முப்பது பேர் போட்டார்கள். அவளோ நடுவில் கிடந்து உதடு வெளுத்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழங்கள் சீப்போடு தாவி வந்து அவள் கன்னத்தில் உரசின. இளநீர்கள் உருண்டு வந்து தோளோடு தோளாக அண்டின. அவள்மேல் அவற்றுக்கு அவ்வளவு பிரியம். ஆனால் எதைக் கொடுத்தால் பிழைப்பாள் என்று அவற்றுக்கும் தெரியவில்லை.

அப்போது டீக்கடைத் தகர டப்பாவின் மூடி தானாகத் திறந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் முதல்முதலாக விலக்கிய சீனி, இத்தனை நாளும் ஒரு தரம்கூட அவளைத் தேடி வராத சீனி, டப்பாவிலிருந்து இறங்கி, பலகையில் இறங்கி, தரையில் இறங்கி, எறும்புச் சாரை போல வெள்ளைக் கோடாக, யாரையும் சுற்றிப் போகாமல் நேராக அவள் வாயைப் பார்த்து வந்தது. அசன் பாய் ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, டப்பாவில் மிஞ்சியிருந்த சீனியில் மூன்று ஸ்பூன் அள்ளி ஒரு வாய்த் தண்ணீரில் கலக்கி, அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, தொண்டை இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். பத்து நிமிஷம் கழிந்தது.

அவள் கண்ணைத் திறந்து, "எவன் எனக்குச் சீனி குடுத்தது?" என்றாள்.

"அதுவாத்தான் வந்துச்சு அக்கா" என்றார் அசன் பாய்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க வந்தது டாக்டர் இல்லை. உணவு ஆலோசகர், மெர்லின் ஜெபா என்று பெயர், நாற்பது வயசிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு தேடுகிறவர். கட்டிலுக்கடியில் நின்ற சேனைக்கிழங்கைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, கரி படிந்த மூன்று தாள்களையும் பார்த்தார்.

"இதெல்லாம் அடிச்சது யாரும்மா?"

"நான்தான். மூணு பேரு சொன்னதையும் கேட்டேன்."

"மூணு பேருமே உங்களைச் சாப்பிடச் சொல்லித்தானே எழுதிருக்காங்க. நீங்க அடிச்சதை மட்டும் எடுத்துக்கிட்டு, சாப்பிடச் சொன்னதை விட்டுட்டீங்களே."

ஆவுடைத்தங்கம் தாள்களைத் திருப்பி வாங்கிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவளை மடக்கியதில்லை.

மெர்லின் சிவனணைஞ்சானிடம் திரும்பி, வீட்டில் என்னென்ன போட்டுக் கஞ்சி வைக்கிறார்கள் என்று கேட்டார். அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உப்பு கூடாது என்றார்களே, வாயில் வைக்க முடியாமல் இவள் கஷ்டப்படுகிறாளே என்று, இதய நோய்க்காரர்களுக்கு நல்லது என்று யாரோ சொன்ன மாற்று உப்பு. இவளுக்குத் தெரியாமல் ரெண்டு வாரமாகக் கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டு வந்ததாகச் சொன்னார். மெர்லின் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, எழுந்து போய் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டு வந்தார்.

"அது முழுக்கப் பொட்டாசியம் அண்ணாச்சி. நெஞ்சுக்கு நல்லதுன்னு குடுத்தது, இந்தச் சிறுநீரகத்தால வெளியேத்த முடியாம, அந்த நெஞ்சையே நிறுத்திரும்."

சிவனணைஞ்சான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. ஆவுடைத்தங்கம் கட்டிலில் கிடந்தபடி, "இந்தாங்க, இங்க வாங்க" என்றாள். அவர் வரவில்லை. "நான் ருசியில்லாமத் திங்கேன்னு உங்களுக்குத் தாங்கல. அதுக்கு எதுக்கு அழுகிய? வாங்க இங்க" என்று அதட்டின பிறகுதான் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு முழுக்க மெர்லின் மூன்று டாக்டர்களுக்கும் மாறி மாறிப் போன் பேசினார். சாயங்காலம் ஒரே தாளோடு வந்தார்.

"எது நாளைக்கே ஆளைச் சாய்க்குமோ அதுக்குத்தான் முதல் மரியாதை. உங்களுக்கு அது பொட்டாசியம். அடுத்தது உப்பும் தண்ணியும். சோத்தைச் சர்க்கரைக்குத் தக்கன அளந்துக்கலாம், அதுக்கேத்த மாதிரி ஊசியை மாத்தி டாக்டர் எழுதிட்டாரு. வெள்ளைச் சோறு சாப்பிடலாம்மா. ஆனா அளவு. எல்லாமே அளவுலதான் இருக்கு. ஒரு சின்ன எடைமெஷின் வாங்கி வச்சிக்கிடுங்க."

ஆவுடைத்தங்கம் எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கா? எடைமெஷினா?" என்றாள். உள்ளங்கையை நீட்டினாள். "எத்தனை கிராம்னு மட்டும் சொல்லுங்க."

ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து சோறும் தராசும் வந்தன. நூற்று ஐம்பது என்றார் மெர்லின். அவள் அள்ளி வைத்தாள், நூற்று ஐம்பது காட்டியது. எண்பது என்றார். எண்பது. முப்பத்தைந்து என்றார். முப்பத்தைந்து. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டதில் கை நடுக்கம் நின்றிருந்தது. மெர்லின் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அந்தக் கையை ஒரு தரம் பார்த்தார். "இந்தத் தாளை உங்களுக்குக் குடுத்ததுதான் சரி" என்றார்.

அடுத்த புதன்கிழமை காலை சந்தை கூடுகிற நேரத்தில் ஆவுடைத்தங்கம் வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேடையில் ஏறி நின்று, இருபத்தாறு வருஷமாக லாரி இரைச்சலை மீறிக் கேட்ட குரலில், "எல்லாம் வாங்க" என்றாள். வலைகளை அவிழ்த்துவிடச் சொன்னார் தவசிக்கனி. அவை வந்தன. தக்காளியும் கிழங்கும் சேனையும் கீரையும் வந்தன. மாம்பழமும் பலாச்சுளையும் அப்பளமும் ஊறுகாய்ப் பாட்டிலும் கருவாடும் வந்தன. நடுச்சாலையில் நின்ற பயறும் கேழ்வரகும் செங்கல்லைத் தாண்டி வந்தன. சந்தையே நிறைந்து, மனுஷர்கள் தூண்களில் ஏறி நின்றுகொண்டார்கள்.

"உருளைக்கிழங்கு! உன்னைப் பொடுசா நறுக்கி, அண்டாத் தண்ணியில வேக வச்சு, தண்ணியை வடிச்சு, வாரத்துக்கு ஒருக்கா நாப்பது கிராம். சம்மதமா? போ, போய்ச் சாக்குல உக்காரு. தக்காளி! குழம்புல நிறத்துக்கு ஒரு துண்டு. பாசிப்பயறு! ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது கிராம், நடுரோட்டுல நின்னது போதும். கேழ்வரகு, நீ சர்க்கரைக்காரங்க வீட்டுக்குப் போ, உன்னை எதிர்பார்த்து எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்கு நீ இல்ல. கருவாடு, ஊறுகாய், அப்பளம், ஒரு கும்புடு, போயிட்டு வாங்க. சேனை, முருங்கைக்கீரை, உங்களுக்கும் எனக்கும் இந்த ஜென்மத்துல அவ்வளவுதான்."

ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கிராம் சொல்லி அவள் முடிக்க முடிக்க, அவை ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. தீர்ப்புத் தெரியாமல் இத்தனை நாள் அலைந்த களைப்பு அவற்றின் உருளலில் தெரிந்தது. இடம் கிடைத்த நிம்மதியும் தெரிந்தது. புடலையும் சுரையும் பீர்க்கும் வரவே இல்லை. அவற்றை மூன்று தாளும் விலக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் கவனித்தார்கள்.

கடைசியில் ஒரு நேந்திரன் வாழைக்குலை மட்டும் நின்றது. போகச் சொல்லியும் போகவில்லை. அவள் மேடையை விட்டிறங்கி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்து அவளுக்கு அதன்மேல் உயிர்.

"எனக்கு ஆகாதுங்கதால நீ கெட்டவன்னு ஆயிராது, கேட்டியா?" என்றாள் தணிந்த குரலில். "நீ நல்லவன்தான். நானும் நல்லவதான். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல என் உடம்பு இருக்கு. அது உழைச்ச உடம்பு, அதை நான்தான் பாத்துக்கிடணும். அசன் பாய் கடையில சுமைதூக்குறவங்க பசியோட இருக்காங்க. போ ராசா."

குலை ரொம்ப நேரம் நின்றது. பிறகு டீக்கடையைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. ஆவுடைத்தங்கம் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, அழுததை எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். தூண்மேல் நின்ற தவசிக்கனி அண்ணாச்சி இறங்கி வந்து, அன்றைக்கு வந்த முதல் மூட்டையைத் தானே தூக்கி மேடையில் வைத்தார்.

ஆடி மாதக் கொடைத் திருவிழாவுக்குச் சந்தைக்காரர்கள் அம்மன் கோயிலில் சாப்பாடு போடுவது வழக்கம். ரெண்டு மூன்று நோய் சேர்ந்து வந்தவர்கள் யாரும் அந்தப் பந்திக்கு வருவதில்லை, வந்தாலும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருஷம் ஆவுடைத்தங்கம் சமையல்கட்டுக்கே போய், உப்பில்லாமல் ஒரு சட்டிப் புடலங்கூட்டும், மிளகும் பூண்டும் எலுமிச்சையும் தூக்கலாக ஒரு ரசமும் வைக்கச் சொல்லிவிட்டு வந்து, முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து, அதுவரை வாசலில் நின்ற பதினோரு பேர் தங்கள் தங்கள் டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். "என் தாள் எனக்கு, உங்க தாள் உங்களுக்கு. பாத்து அளந்து சாப்பிடுங்க, அளவு நான் சொல்லுதேன்" என்றாள் அவள்.

பக்கத்து இலையில் சிவனணைஞ்சான் உட்கார்ந்திருந்தார். உருளைக்கிழங்குப் பொரியல் வாளி வந்தபோது அவர் இலையைக் கையால் மூடினார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு, வாளியிலிருந்து தானே இரண்டு கரண்டி அள்ளி அவர் இலையில் வைத்தாள்.

"தின்னுங்க. நான் பாக்கணும்."

அவர் தலைகுனிந்து ஒரு வாய் எடுத்து வைத்தார். பிறகு இன்னொரு வாய். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் நாக்கில் ஒன்றும் ஊறவில்லை, நெஞ்சில்தான் ஏதோ நிறைந்தது.

சோறு பரிமாறுகிறவர் வந்து, நோயாளியாயிற்றே என்று பயந்து பயந்து, அவள் சொன்ன கணக்குக்கு ஒரு சின்னக் கரண்டியாகப் பார்த்து வைத்தார். ஆவுடைத்தங்கம் இலையோடு சேர்த்துச் சோற்றைக் கையில் ஏந்தி, ஒரு தரம் மேலே கீழே அசைத்துப் பார்த்தாள். பந்தி முழுக்க அவள் முகத்தையே பார்த்தது.

"பத்து கிராம் குறையுதுய்யா" என்றாள். "எனக்குள்ளது எனக்கு வேணும். போடு."